ஹைமாவில் இறங்கிவிடுங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் நலம்தானே. நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது. நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு ஆயி.

கரீஃப் என்கிற சாரல் காலத்தைப் பார்க்க ஓமனின் தெற்கே சலாலாவுக்குப் போகிறீர்கள், நல்ல விஷயம். பாலைவனத்தில் பிறந்த பிள்ளை சாரலையும் பச்சையையும் பார்க்கட்டும். ஆனால் மஸ்கட்டிலிருந்து சலாலா ஆயிரம் கிலோமீட்டர். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி ஒரே மூச்சில் போய்விடலாம் என்று மாப்பிள்ளை சொன்னதாகச் சொன்னாய். அவர் நல்ல ஓட்டுநர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பயப்படுவது அவரை நினைத்து இல்லை. அந்த ரோட்டில் 22 வருஷம் டிரெய்லர் ஓட்டியவன் நான். அந்த ரோட்டை நினைத்துத்தான் பயப்படுகிறேன்.

ஒரு ராத்திரி தங்கித்தான் போகவேண்டும். எங்கே தங்குவது என்பதுதான் கேள்வி. நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். தும்ரைத்தில் ஒரு ஹோட்டல், நீச்சல் குளமெல்லாம் இருக்கிறது. அங்கே தங்கினால் மறுநாள் 80 கிலோமீட்டர்தான் மிச்சம் என்பது மாப்பிள்ளையின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்த ரோட்டில் கிலோமீட்டரை வைத்து ரூம் பிடிக்கக் கூடாது. வெளிச்சத்தை வைத்துப் பிடிக்கவேண்டும்.

ஹைமாவில் தங்குங்கள். மஸ்கட்டிலிருந்து 550 கிலோமீட்டர் இருக்கும், கிட்டத்தட்ட பாதி வழி. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் நிஸ்வாவை ஒட்டிப் போய், ஆதமில் சாப்பிட்டு, பையனை இரண்டு இடத்தில் இறக்கி ஓடவிட்டாலும் மதியம் ஒரு மணி, ஒன்றரைக்கு ஹைமா வந்துவிடும். “ஒரு மணிக்கே ரூம் போட்டு என்ன செய்வது, அரை நாள் வீண்தானே” என்று மாப்பிள்ளை கேட்பார். கேட்கட்டும். நானும் அப்படித்தான் ஒரு காலத்தில் கேட்டேன்.

மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை அந்தத் தார் ரோடு அடுப்பு மாதிரி கிடக்கும். டயர் வெடிப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஹைமாவைத் தாண்டியதும் ரோடு தென்மேற்காகத் திரும்புகிறது. அதனால் சாயங்காலம் ஆக ஆகச் சூரியன் வலது முன்பக்கமாக இறங்கிக் கண்ணில் அடிக்கும். காலையில் அதே ரோட்டில் போனால் சூரியன் முதுகுப் பக்கம். ஆகஸ்டில் அங்கே ஆறே முக்காலுக்குப் பொழுது சாயும். ஹைமாவிலிருந்து தும்ரைத் 400 கிலோமீட்டர். மதியம் சாப்பிட்டு, பையனைத் தூங்கவைத்து, மூன்று மணிக்குக் கிளம்பினால் கடைசி ஒரு மணி நேரம் நிச்சயம் இருட்டில்தான். அந்த ஒரு மணி நேரம் வேண்டவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதுவரை உன்னிடமும் அம்மாவிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. இப்போது சொல்கிறேன், அம்மா இனிமேல் பயப்பட ஒன்றுமில்லை.

கம்பெனியில் ராத்திரி தங்குவதற்கு என்று தனியாக பேட்டா கொடுப்பார்கள். ரூமில் தங்கினாலும் தங்காவிட்டாலும் அது நம் கையில் வரும். நான் தங்கமாட்டேன். கேபினுக்குள் படுத்துவிட்டு அந்தக் காசை ஊருக்கு அனுப்பும் பணத்தோடு சேர்த்துவிடுவேன். அப்போது நீ ஒன்பதாம் வகுப்பு. ஒரு தடவை மர்மூல் எண்ணெய் வயல் கேம்புக்கு அரிசி, காய்கறி ஏற்றிக்கொண்டு போகிறேன். ஹைமா வரும்போது சாயங்காலம் ஆறு மணி. இன்னும் கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரங்கட்டித் தூங்கலாம், காலையில் சீக்கிரம் இறக்கிவிடலாம் என்று நிற்காமல் போனேன்.

எட்டு மணி இருக்கும். எதிரில் வண்டி இல்லை. ஹெட்லைட் வெளிச்சத்தில் ரோட்டின் நடுவில் நாலு குச்சி நட்டுவைத்தது மாதிரி தெரிந்தது. மணல் நிறத்தில், மெல்லிசாக. ரோடு வேலைக்கு நட்ட கம்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஒரு குச்சி மடங்கியது. ஒட்டகத்தின் கால்! உடம்பு முழுவதும் வெளிச்சத்துக்கு மேலே இருட்டில் இருந்தது. பிரேக்கை மிதித்து, வண்டி ரோட்டை விட்டு இறங்கி, சரளையில் இழுத்துக்கொண்டே போய் நின்றது. ஒட்டகம் அசையவே இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எதிர்ப்பக்கம் நடந்து போனது. எனக்குக் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரமானது. விடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். லாரியில் இருந்ததால் பிழைத்தேன். காரில் போகிறவர்கள் காலில் மோதினால் ஒட்டகத்தின் உடம்பு நேராக முன் கண்ணாடி மேல் விழும். அப்படி நொறுங்கிய கார்களை அந்த ரோட்டோரம் நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ராத்திரிக்குப் பிறகு சூரியன் இறங்கும் நேரத்தில் எந்த ஊரில் இருக்கிறேனோ அந்த ஊரில் ரூம் போட்டேன். பேட்டாவில் கை வைத்தது அப்போதுதான். இப்போது ரோடெல்லாம் அகலமாகிவிட்டது என்கிறார்கள். ஒட்டகம் அதே ஒட்டகம்தான்.

சரி, ரூம் விஷயத்துக்கு வருகிறேன்.

ஹைமாவில் நாலைந்து இடம் பார், ஆடம்பரமாக எதுவும் எதிர்பார்க்காதே. போனில் வரும் நட்சத்திரத்தை நம்பாமல் நேராக ஹோட்டலுக்கே போன் செய்து பேசு. பெரும்பாலும் மலையாளமோ இந்தியோ பேசுகிறவர்தான் எடுப்பார். “குடும்பத்தோடு வருகிறோம், சின்னப் பிள்ளை இருக்கிறது, ஒரு மணிக்கே ரூம் வேண்டும்” என்று சொல்லிவை. சொல்லாமல் போனால் ரூம் இன்னும் சுத்தம் செய்யவில்லை என்று வெயிலில் காக்கவைப்பார்கள். கரீஃப் நேரத்தில் துபாய் பக்கமிருந்தும் கார் காராக வருவார்கள், சாயங்காலம் போனால் ரூமே இருக்காது. மதியம் போய் இறங்குவதில் அந்த லாபமும் இருக்கிறது.

காசு கொடுப்பதற்கு முன்னால் ரூமைத் திறந்து பார்க்கவேண்டும். ஏசியைப் போட்டு ஐந்து நிமிஷம் நின்று பார். காற்று வருவது பெரிதில்லை, குளிர்ந்து வரவேண்டும். ரோட்டைப் பார்த்த ரூம் வேண்டாம், பின்பக்கம் கேள். முன்பக்கம் மீன், காய்கறி ஏற்றிய குளிர்சாதன லாரிகள் ராத்திரி முழுக்க இன்ஜினை அணைக்காமல் நிற்கும். அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளை தூங்காவிட்டால் தங்கியதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். கார் நிறுத்த நிழல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

குளிப்பது பற்றி ஒன்று. உங்கள் மஸ்கட் ஃபிளாட்டில் நீ இதைச் செய்கிறாயோ இல்லையோ தெரியாது. மொட்டைமாடித் தொட்டி வெயிலில் காய்ந்து, பச்சைத் தண்ணீர்க் குழாயில் கொதிக்கும் தண்ணீர் வரும். பையனை நேரே ஷவருக்கு அடியில் நிறுத்திவிடாதே. போனதும் முதல் வேலையாக கீஸர் ஸ்விட்சை அணைத்துவிடு. கீஸருக்குள் இருக்கும் தண்ணீர் நேரம் ஆக ஆக மெல்ல ஆறிவரும். அப்புறம் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து கையில் பிடித்துப் பார், இதமாக இருந்தால் மட்டும் பையனைக் குளிப்பாட்டு. கேம்பில் நாங்கள் எல்லோரும் மே மாதம் தொட்டு இப்படித்தான் குளித்தோம்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ரோட்டோரம் மலையாளத்தார் கடையில் புரோட்டா, முட்டைக்கறி, சுலைமானி என்கிற பால் இல்லாத டீ எந்நேரமும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் தொழுகை நேரத்தில் கடையெல்லாம் சாத்தியிருக்கும், அதைக் கணக்கில் வை. பையனுக்குத் தயிர்சோறு கட்டி ஐஸ்பெட்டியில் வைத்துக்கொள். தண்ணீர் ஒரு முழு அட்டைப்பெட்டி வண்டியில் இருக்கட்டும், ரூமுக்குள் இறக்குவதற்கு இல்லை, வண்டியிலேயே இருக்கவேண்டும். பெட்ரோல் பாதிக்குக் கீழே போகவிடாமல் பம்பைக் கண்ட இடத்தில் நிரப்பிவிடுங்கள். ஏதாவது ஒன்று என்றால் 9999, போலீஸ் வந்துவிடும்.

வெயில் தாழ்ந்ததும் பையனை வெளியே அழைத்துப்போய் அந்த வெட்டவெளியைக் காட்டு. வெறும் கல்லும் சரளையும்தான் என்று நினைப்பாய். ஹைமாவைச் சுற்றியிருக்கும் அந்தப் பீடபூமிக்கு ஜித்தத் அல் ஹராசிஸ் என்று பெயர். வெள்ளை ஓரிக்ஸ் மான் உலகத்திலேயே காட்டில் கடைசியாக மிஞ்சியிருந்தது அங்கேதான், 1972-இல் அதையும் வேட்டையாடி முடித்துவிட்டார்கள். அப்புறம் வெளிநாட்டு மிருகக்காட்சிசாலைகளில் வளர்ந்த மான்களின் வம்சத்தைக் கொண்டுவந்து 1982-இல் அதே இடத்தில் அவிழ்த்துவிட்டார்கள். அங்குள்ள ஹராசிஸ் இனத்து ஆட்களே காவல் காத்தார்கள். நான் ஒரே ஒரு தடவை தூரத்தில் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் நிற்கும்போது இரண்டு கொம்பும் சேர்ந்து ஒற்றைக் கொம்பாகத் தெரியும். பேரனிடம் இந்தக் கதையைச் சொல். ஆனால் அதைத் தேடி ரோட்டை விட்டு மட்டும் காரை இறக்காதீர்கள்.

மறுநாள் நன்றாக வெளிச்சம் வந்ததும், ஆறு மணிக்குக் கிளம்புங்கள். முன்னதாக வேண்டாம், விடியலிலும் ஒட்டகம் நடமாடும். கித்பித்தில் ஒரு டீ. தும்ரைத் பத்தரை, பதினொன்று. அந்த நீச்சல் குளத்து ஹோட்டலில் மதியச் சாப்பாடு வேண்டுமானால் சாப்பிடுங்கள். அதற்கப்புறம்தான் மலை இறக்கம். பனிமூட்டம் அங்கேதான் பிடிக்கும். 40 டிகிரி வரை காய்ந்துகொண்டிருந்த காற்று கொஞ்ச தூரத்துக்குள் 25-ஐ ஒட்டி வந்துவிடும், கண்ணாடியில் ஈரம் படியும், முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர எதுவும் தெரியாது. இதைப் பகல் பன்னிரண்டு மணிக்கு இறங்குவதும், “இன்னும் 80 கிலோமீட்டர்தானே” என்று இருட்டில் இறங்குவதும் ஒன்றில்லை. தும்ரைத்தில் ரூம் போட்டவர்கள் பலர் இப்படித்தான் தங்காமல் இறங்கிப் போவார்கள். சலாலா அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது மனசு கேட்காது. நான் அந்த ஊரைத் தங்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சலாலாவில் எந்த ஹோட்டல் என்பதில் எனக்கு அபிப்பிராயம் இல்லை, உங்கள் இஷ்டம். கரீஃபில் வாடகை ஏறித்தான் இருக்கும், மஸ்கட்டிலிருந்து கிளம்பும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். ரோட்டோரம் இளநீரும் வாழைப்பழமும் அடுக்கிவைத்திருப்பார்கள். தென்னந்தோப்பைப் பார்த்தால் நம் ஊருக்கு வந்துவிட்டது மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தபோது வண்டியை நிறுத்தி இறங்கி ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

திரும்பும்போது காலையில் சூரியன் முகத்தில் அடிக்கும். அதனால் எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும், மூன்று மணிக்குள் ஹைமா வந்துவிடலாம். அதற்கடுத்த நாள் நிஸ்வா வந்து அங்கே ஒரு ராத்திரி தங்க முடிந்தால் தங்குங்கள். அது வியாழன் ராத்திரியாக அமைந்தால் ரொம்ப நல்லது. வெள்ளிக்கிழமை காலையில் கோட்டைக்குப் பக்கத்தில் ஆட்டுச் சந்தை கூடும். வட்டமாக நிற்கும் ஜனங்களுக்கு நடுவில் ஆட்டை இழுத்துக்கொண்டே சுற்றி வந்து விலை கூவுவார்கள். பேரனுக்கு அது சலாலாவை விடப் பிடிக்கும், பார்த்துக்கொண்டே இரு.

ரூம் வாடகைக்கு என்று மாப்பிள்ளை கணக்குப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவேளை பார்த்தால், ஹைமா ரூம் இரண்டு ராத்திரிக்கும் அப்பா செலவு என்று சொல். தம்பி மூலம் அனுப்பிவிடுகிறேன், மறுக்கக் கூடாது.

அம்மா புளிக்காய்ச்சல் செய்துவைத்திருக்கிறாள். அடுத்த வாரம் நம் தெருப் பையன் மஸ்கட் வருகிறான், கொடுத்தனுப்புகிறோம். வழிக்கு ஆகும். ஹைமாவில் ரூமுக்குள் போனதும் ஒரு மிஸ்டு கால் கொடு. நான் அன்றைக்கு மத்தியானம் தூங்கமாட்டேன், போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அன்புடன்,
அப்பா