பிளாக் டீயும் தாவணியும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் நீ வரைந்து அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். நீலச் சுவர், மர மேசை, கண்ணாடி கிளாஸில் பிளாக் டீ. சுவரும் மேசையும் அருமையாக வந்திருக்கின்றன. "டீ மட்டும் ஏன் சேத்துத் தண்ணி மாதிரி இருக்கு?" என்று கேட்டிருந்தாய். லேயர்களின், அதாவது கண்ணாடித் தாள்கள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய அடுக்குகளின், பட்டியலைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. டீ லேயர் நார்மல் மோடில் (மோட் என்பது கீழே இருப்பதோடு லேயர் கலக்கும் முறை), ஒபாசிட்டி 60 சதவீதத்தில் கிடக்கிறது. நீ வரைந்தது பிளாக் டீ இல்லை, பால் டீ.

கிண்டலுக்குச் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான். 0 முதல் 255 வரையிலான அளவில் உன் டீயின் நிறம் சிவப்பு 200, பச்சை 110, நீலம் 40. பின்னால் இருக்கும் சுவர் 60, 90, 160. நார்மலில் 60 சதவீதம் என்றால் டீயில் ஆறு பங்கும் சுவரில் நாலு பங்கும் எடுத்துக் கூட்டுவது. விடை 144, 102, 88. சாம்பல் ஏறிய வெளிறிய பழுப்பு. அதே லேயரை 100 சதவீதத்தில் வைத்து மோடை மட்டும் மல்டிப்ளைக்கு மாற்றினால் இரண்டு எண்களையும் பெருக்கி 255 ஆல் வகுக்கிறது: 47, 39, 25. ஏறக்குறையக் கறுப்பு. பயந்துவிடாதே, அதுதான் சரி. டீ அதிகம் விழுங்குவது நீல ஒளியைத்தான். நீலச் சுவருக்கு முன்னால் வைத்தால் வேறு எப்படித் தெரியும்? 255, 240, 210 என்று ஒரு வெயில் பட்ட ஜன்னலைப் பின்னால் வைத்துப் பார். அதே டீ 200, 104, 33 ஆகிவிடும், கிளாஸுக்குள் விளக்கு ஏற்றின மாதிரி. ஆகவே டீயைச் சரிசெய்யும் முன் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைச் சரிசெய்.

ஒபாசிட்டி என்ற எண்ணை நாம் "எவ்வளவு தெளிவு" என்று படிக்கிறோம். அதன் உண்மையான பொருள் "எவ்வளவு மூடியிருக்கிறது" என்பது. 1984 இல் கணினி வரைகலை ஆய்வாளர்கள் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் எழுதிய கட்டுரையில் ஆல்ஃபாவை, அதாவது இந்த ஒபாசிட்டி எண்ணை, இப்படித்தான் வைத்தார்கள்: ஒரு பிக்ஸலின் பரப்பில் எத்தனை பங்கை இந்த வடிவம் மூடுகிறது என்பதற்கான எண். 60 சதவீத டீ என்றால் பிக்ஸலின் அறுபது பங்கில் அட்டை மாதிரி ஒளிபுகாத டீ, மீதி நாற்பதில் ஒன்றுமே இல்லை. திரவம் அப்படி இருக்காது. பாலில் மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடித்துப் பின்னால் இருப்பதை மறைப்பதால், பால் டீக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்திவிடுகிறது. பிளாக் டீ ஒன்றையும் மறைப்பதில்லை, வடிகட்டுகிறது.

மூடுவது என்ற கணக்கு கச்சிதமாகப் பொருந்தும் பொருள் ஒன்று உண்டு. உன் இன்னொரு படத்தில் இருக்கிற தாவணி. மெல்லிய துணியில் நூல் இருக்கும் இடம் மறைக்கும், நூலுக்கு நடுவே இடைவெளி காட்டும். ஒரு மடிப்பு 50 சதவீதம் மறைத்தால் இரண்டு மடிப்பு 75, மூன்று மடிப்பு 87.5. 100 ஆகவே ஆகாது. இதைக் கையால் கணக்குப் போட வேண்டாம். ஒவ்வொரு மடிப்பையும் தனி லேயரில் 50 சதவீதத்தில் வைத்து ஒன்றின் மேல் ஒன்று படியவிடு, மடிப்பு விழும் இடம் தானே அடர்ந்துவிடும். நீ ஒரே லேயரில் இருட்டு நிறம் பூசி மடிப்பு காட்டியிருக்கிறாய். அதனால்தான் அது துணியாக இல்லாமல் நிழலாகத் தெரிகிறது.

இனி டீயை எப்படிக் கட்டுவது என்று சொல்கிறேன். டீயின் வடிவத்தைத் தனி லேயரில், கூர்மையான விளிம்புள்ள பிரஷால், முழு ஒபாசிட்டியில் நிரப்பு. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கிரிட்டா அதை ஒரு குரூப்பில் போட்டு, மேலே ஒரு புது லேயரையும் வைத்துத் தரும். அந்தப் புது லேயரில் இன்ஹெரிட் ஆல்ஃபா போட்டிருக்கும், அதாவது கீழே இருக்கும் வடிவத்துக்கு வெளியே பூசினால் நிறம் தெரியாது. நிற மாற்றங்களையெல்லாம் இந்த மேல் லேயரில் செய். கடைசியில் குரூப்பின் மோடை மல்டிப்ளை ஆக்கு. உள்ளே இருக்கும் லேயர்கள் நார்மலிலேயே இருக்கட்டும்.

இந்த வரிசையை மாற்றினால்தான் வம்பு. குரூப் நார்மலில் இருக்க, உள்ளே இருக்கும் லேயருக்கு மல்டிப்ளை கொடுத்தால் அது குரூப்பைத் தாண்டிச் சுவரைத் தொடாது. உள்ளே பெருக்குவதற்கு எதுவும் இல்லாததால் நார்மல் மாதிரியே தெரியும். குரூப்புக்குப் பாஸ் த்ரூ (குரூப்பே இல்லாதது மாதிரி கலக்கவிடும் தேர்வு) கொடுத்தால் மல்டிப்ளை சுவரை எட்டும், ஆனால் வடிவத்துக்குள் அடைத்து வைக்கும் ஏற்பாடு குலைந்துவிடும். இன்ஹெரிட் ஆல்ஃபா பார்ப்பது நேர் கீழே உள்ள ஒரு லேயரை அல்ல, அதே குரூப்பில் கீழே உள்ள எல்லாவற்றையும் சேர்த்து. குரூப் இல்லாமல் அதைப் போட்டால் வெள்ளைப் பின்னணியே வடிவமாகிவிடும். "ஆன் பண்ணியும் வேலை செய்யல" என்ற புலம்பலில் பாதி இதனால் வருவதுதான்.

மல்டிப்ளைக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போது, கண்ணுக்குத் தெரிய வேண்டிய நிறத்தைவிட வெளிறியதாக எடு. வெள்ளை என்றால் மாற்றமே இல்லை என்று பொருள். ஆழமான இடத்துக்குக் கறுப்பு சேர்க்காதே, அதே நிறத்தை இன்னொரு முறை பெருக்கு. 200, 110, 40 ஐ அதனாலேயே பெருக்கினால் 157, 47, 6 வருகிறது. இருட்டுவதோடு சிவக்கவும் செய்கிறது, பார். கெட்டியான டீ கருஞ்சிவப்பாகத் தெரிவதும் இதனால்தான், ஒளி கடக்கும் தூரம் கூடக் கூட வடிகட்டல் பெருக்கலாகக் கூடுகிறது. நார்மலில் எத்தனை லேயர் அடுக்கினாலும் நிறம் 200, 110, 40 ஐத் தாண்டி ஆழமாகாது.

கிளாஸுக்கென்று நிறம் எதுவும் பூச வேண்டாம். கண்ணாடி தன்னைக் காட்டிக்கொள்வது விளிம்பு, தடித்த அடிப்பாகம், அதன் மேல் விழும் பிரதிபலிப்பு ஆகியவற்றில் மட்டும்தான். பிரதிபலிப்பு என்பது மேலே கூடுதலாக வந்து சேரும் ஒளி. அதை டீ குரூப்புக்கு வெளியே, மேலே, அடிஷன் மோடில் வை. ஜன்னலின் பிம்பம் நாற்கரமாக வளைந்து விழட்டும். அடிஷனில் கூட்டுத்தொகை 255 ஐத் தாண்டினால் வெட்டுப்பட்டு நிறமே போய்விடும். அது பிடிக்காவிட்டால் ஸ்க்ரீன் மோட், அது ஒருபோதும் தாண்டாது, ஆனால் பளபளப்பு கொஞ்சம் மங்கும். கிளாஸின் பிரதிபலிப்புக்கு என் ஓட்டு அடிஷனுக்குத்தான், மங்கலான நிறத்தில் தொடங்கினால் போதும். கீழ்நோக்கி மறைந்துகொண்டே போக வேண்டுமென்றால் அழிப்பானைத் தொடாதே. லேயரின் மேல் வலது கிளிக் செய்து டிரான்ஸ்பரன்சி மாஸ்க் சேர்த்து, அதில் வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் படிப்படியாக மாறும் ஒரு கிரேடியன்ட் இழு. கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும். நாளைக்கு மனம் மாறினாலும் பிம்பம் பத்திரமாக இருக்கும்.

ஒன்று நீ கவனிக்கவில்லை. நிறைந்த கிளாஸ் ஒரு லென்ஸ். சற்றுத் தள்ளி இருக்கும் பின்னணி அதற்குள் இடம் வலமாகத் திரும்பித் தெரியும். சுவரில் கிளாஸுக்குப் பின்னால் வரும் பகுதியை நகலெடுத்து, கிடைமட்டமாகத் திருப்பி, கொஞ்சம் நெருக்கி, டீ குரூப்புக்குக் கீழே வை. இதைச் செய்ததுமே பார்ப்பவர் கண் அதைக் கண்ணாடி என்று ஒப்புக்கொள்ளும், மற்ற வேலையெல்லாம் அரைகுறையாக இருந்தாலும்கூட.

ஆவி? அது சின்னஞ்சிறு நீர்த்துளிகள், சிதறடிக்கிறது. எனவே நார்மல், வெள்ளை, பெரிய மென்மையான பிரஷ், 10 சதவீதத்துக்குள். இருட்டான பின்னணிக்கு எதிரே மட்டும் வரை.

அடுத்து உன் பிரஷ். மெதுவாக ஏற வேண்டிய நிழல் ஒரே இழுப்பில் கெட்டியாகிவிடுகிறது என்றாய். எஃப்5 அழுத்தி பிரஷ் எடிட்டரில் பெயின்டிங் மோடைப் பார், பில்ட் அப் என்று இருக்கும். பிரஷ் கோடு என்பது நெருக்கமாக விழும் முத்திரைகளின் வரிசை. பில்ட் அப்பில் ஒவ்வொரு முத்திரையும் முந்தியதன் மேல் ஏறும். 20 சதவீத முத்திரை ஒரே இடத்தில் பத்து விழுந்தால் 89 சதவீதம் ஆகிவிடுகிறது. வாஷ் என்று மாற்றினால் பேனாவை எடுக்கும்வரை அந்த இழுப்பு நீ வைத்த ஒபாசிட்டியைத் தாண்டாது. ஃப்ளோ ஒரு முத்திரையின் அளவு, ஒபாசிட்டி முழு இழுப்பின் உச்சவரம்பு. வரையும்போதே கூட்டிக் குறைக்க ஓ, ஐ விசைகள் போதும்.

நிறங்களைத் தேய்த்துக் கலப்பதற்கு கலர் ஸ்மட்ஜ் வகை பிரஷை எடுத்து, கலர் ரேட்டைப் பூஜ்யமாக்கினால் புது நிறம் சேராமல் இருப்பதை மட்டும் இழுக்கும். தாவணியின் ஓரம் பிய்ந்து போயிருப்பது இதனால்தான். பிரஷ் நிறத்தோடு சேர்த்து வெறுமையையும் உள்ளே இழுத்திருக்கிறது. ஸ்மியர் ஆல்ஃபாவை அணைத்துவிடு, அல்லது லேயரின் ஆல்ஃபாவைப் பூட்டிவிட்டுத் தேய். ஓவர்லே என்று ஒரு தேர்வும் உண்டு, எல்லா லேயரையும் சேர்த்துப் பார்த்து நிறம் எடுக்கும். அதை டீ குரூப்புக்குள் போட்டுவிடாதே. ஏற்கெனவே பெருக்கிய நிறத்தை எடுத்து மறுபடி பெருக்க வைத்து, இரண்டு மடங்கு இருட்டாக்கிவிடும்.

நீலமும் மஞ்சளும் தேய்த்தால் பச்சை வரும் என்று எதிர்பார்த்தாய் போலிருக்கிறது. இது வாட்டர்கலர் இல்லையப்பா. 0, 0, 255 க்கும் 255, 255, 0 க்கும் நடுவில் இருப்பது 128, 128, 128, சுத்தமான சாம்பல். நடுவே பச்சையை நீயே வைத்துவிட்டு இரு பக்கமும் தேய்.

சிவப்பும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் அழுக்குக் கோடு விழுவது வேறு வியாதி. வழக்கமான 8 பிட் கோப்பில், அதாவது நிறங்களை 0 முதல் 255 வரை எண்ணும் கோப்பில், எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இல்லை. பாதிக்குப் பாதி கலந்தால் 128, 128, 0 என்று இருண்ட ஆலிவ் வருகிறது. ஒளியின் அளவிலேயே கலந்தால் திரையில் 188, 188, 0 க்குச் சமமாகத் தெரியும். இதற்கு இமேஜ் மெனுவில் நிற வெளியை 16 பிட் ஃப்ளோட், லீனியர் (எண்கள் ஒளிக்கு நேர் விகிதத்தில் இருக்கும்) சுயவிவரத்துக்கு மாற்ற வேண்டும். அகன்ற மென்மையான கிரேடியன்டில் பட்டை பட்டையாக விழுவதும் நின்றுவிடும். விலை, நினைவகம் இரட்டிப்பாவது: 4000க்கு 4000 பிக்ஸல் அளவில் ஒரு லேயர் 64 எம்பியிலிருந்து 128 எம்பி. வரைந்து முடித்த படத்தை மாற்றினால் நார்மல், அடிஷன், ஸ்க்ரீன் லேயர்களின் தோற்றம் மாறிப்போகும். மல்டிப்ளை மட்டும் பெரிதாக மாறாது. எனவே புதுப் படத்தில்தான் இதைத் தொடங்க வேண்டும். இந்தப் படத்துக்கு 8 பிட்டே போதும்.

கிளாஸை மட்டும் தனியே வெட்டி உன் தங்கை கடையின் மெனு அட்டையில் வைக்க பிஎன்ஜியாகக் கேட்டாய். பின்னணியை அணைத்து, சேமிக்கும்போது ஆல்ஃபாவைச் சேமிக்கும் தேர்வை டிக் செய்தால் வெளியில் ஒன்றுமில்லாத கிளாஸ் கிடைக்கும். ஆனால் மல்டிப்ளை மோட் அதோடு சேர்ந்து வராது. பிஎன்ஜியில் ஒரு பிக்ஸலுக்கு ஒரே ஓர் ஆல்ஃபாதான். நீலத்தை விழுங்கிச் சிவப்பை விடும் வடிகட்டிக்கு மூன்று தனித்தனி ஆல்ஃபா வேண்டும். அட்டையின் பின்னணி நிறம் என்ன என்று முதலில் கேட்டு, அதை கிரிட்டாவிலேயே கீழே வைத்து, சேர்த்தே சேமித்துவிடு. அவள் வைத்திருக்கும் பழைய லோகோவைச் சுற்றி வெள்ளை ஓரம் தெரிவதும் இதன் ஒன்றுவிட்ட சகோதரன்தான். வெள்ளை மேல் மென்மையாக்கிய விளிம்பை அப்படியே வெட்டியிருக்கிறார்கள். ஃபில்டர் மெனுவில் கலர் டு ஆல்ஃபாவுக்குப் போய் வெள்ளையைக் கொடுத்தால் ஓரத்தில் கலந்த வெள்ளை கழன்றுவிடும். லோகோவுக்கு உள்ளே வெள்ளை இருந்தால் அதுவும் சேர்ந்து கழலும், அதனால் ஓரத்தை மட்டும் தேர்வு செய்துகொண்டு செய்.

திருத்தியதும் கிரிட்டாவின் சொந்தக் கேஆர்ஏ கோப்பாகவே அனுப்பு. ஜேபெக் அனுப்பினால் லேயரும் இருக்காது, ஆல்ஃபாவும் இருக்காது, எதைப் பார்த்துச் சொல்வது?

அன்புடன்,
உன் நண்பன்