கடலுக்குத் தடைக்காலம் இருக்கிறது, கழிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் மீனும் இறாலும் பெருகும் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான், ஆனால் இறாலைப் பொறுத்தவரை அது பாதிக் கதை. மீதிப் பாதி நடப்பது கடலில் இல்லை, கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் கழியில், அதாவது எங்கள் வெள்ளாற்றுக் கழிமுகத்திலும் பிச்சாவரம் வாய்க்கால்களிலும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் ஒரு அம்மா பொடி இறாலைக் கூறு கட்டி வைத்திருந்தார். "கூனியாம்மா?" என்று கேட்டேன். "கூனி இல்லண்ணே, பொடி இறா, வடைக்கு நல்லாருக்கும்" என்றார். கொஞ்சம் அள்ளிப் பார்த்தேன், ஒன்றுகூட என் சுண்டுவிரல் நீளம் இல்லை, உடம்பு கண்ணாடி மாதிரி இருந்ததால் முதுகில் ஓடும் குடல்கூடக் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. தலையில் ரம்பப் பல் வைத்த கொம்பு தெளிவாக இருந்தது. கூனி என்பது வேறு இனம், எத்தனை நாள் விட்டாலும் அது அந்த அளவுதான். இது வெள்ளை இறாலின் குஞ்சு. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் விரல் தடிமனுக்கு வந்திருக்கும். அந்த அம்மாவைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? வலையில் வந்ததை விற்கிறார்.

வெள்ளை இறாலும் வரி இறாலும் முட்டை இடுவது கடலில். ஒரு தாய் இறால் லட்சக்கணக்கில் இடும். முட்டை ஒரே நாளில் பொரித்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பருவங்கள் பலவற்றைத் தாண்டி, இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட நிரம்பாத குஞ்சாக ஏற்றத்தண்ணீரோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வருகிறது, அதுவும் பெரும்பாலும் இரவில். தண்ணீர் வற்றும்போது அடித்துப் போகாமல் தரையைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சுரபுன்னை வேர் இடுக்கிலும் சேற்றிலும் இரண்டு முதல் நான்கு மாதம் வளர்ந்து, ஓரளவு பெரிதானதும் வற்றத்தண்ணீரோடு கடலுக்குத் திரும்பி, அங்கேதான் சினைக்கு வருகிறது. ஆக, கழியில் குஞ்சை வாரிவிட்டால் தடைக்காலத்தில் முட்டை இட வேண்டிய தாய் இறால் எங்கிருந்து வரும்?

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, மீன்வளத் துறையும் மீனவப் பஞ்சாயத்துகளும் சேர்ந்து உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு. ஐந்து சென்டிமீட்டர் இறால் சுமார் ஒரு கிராம்தான், கிலோவுக்கு ஆயிரம் நிற்கும். நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்குக்குப் பக்கத்தில் போகும். எல்லாம் பிழைக்காது என்பது உண்மைதான், கொடுவாயும் கெளுத்தியும் நாரையும் தின்கின்றன, அது இயற்கை. ஆயிரத்தில் பாதி செத்தாலும் மிச்சம் ஐந்நூறு நான்கு கிலோ வரை வரும். மூன்றில் இரண்டு பங்கு போனால்கூட இரண்டரை கிலோவுக்குக் குறையாது, அளவு கூடினால் கிலோவுக்கு விலையும் கூடும். இன்றைக்குக் கொசுவலை மாதிரி வலையை வாய்க்காலின் குறுக்கே கட்டுகிறவர் எடுப்பது ஒரு கிலோ, தன் கையால் இழப்பது அதற்கு மேல்.

முதலில் இருளர் குடும்பங்கள் மீது பாயக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் கையால் சேற்றைத் தடவி, ஒவ்வொன்றாகப் பிடித்து, பல்லில் கடித்த பறிக்கூடையில் போடுகிறவர்கள் அவர்கள். விரலுக்குத் தட்டுப்படும் அளவு இறாலைத்தான் அப்படிப் பிடிக்க முடியும். கழி அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பதும் அவர்களே. தடுக்க வேண்டியது பொடிக்கண் வலையையும் வாய்க்காலை முழுதாக அடைத்துக் கட்டுவதையும்.

வலை மட்டும் காரணம் இல்லை. மழை பெய்து, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி வெள்ளாற்றில் தண்ணீர் வந்தால்தான் முகத்துவாரத்து மணல் கடலுக்குத் தள்ளப்படும். ஆற்றில் தண்ணீர் இல்லாத வருடம் வாய் குறுகிவிடுகிறது, கடலில் எவ்வளவு குஞ்சு இருந்தாலும் உள்ளே வர வழி கிடைப்பதில்லை. படகு போகத்தான் தூர்வாரச் சொல்லிக் கேட்கிறோம், இறாலுக்கும் அதுதான் வாசல்.

2009-க்குப் பிறகு வனாமி என்ற வெளிநாட்டு வளர்ப்பு இறால் வந்ததிலிருந்து கடைகளில் பண்ணை இறாலுக்குப் பஞ்சமே இல்லை. அதனாலேயே கழி இறால் குறைவது வாங்குகிறவர்களுக்குத் தெரியாமல் போகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிகிறது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றங்கரையிலேயே இருக்கிறது. எந்தெந்த மாதம் குஞ்சு அதிகமாக உள்ளே வருகிறது, எப்போது வெளியே போகிறது என்று அவர்களையும், கழியிலேயே வாழும் எங்கள் மக்களையும் கேட்டு, அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் பொடிக்கண் வலையை நிறுத்தலாம். தடைக்காலத்தில் கடல் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. கழியை நம்பியிருக்கிற குடும்பங்களிடம் வலையைச் சுருட்டச் சொல்லும் அந்த நாட்களுக்கு அவர்களுக்கும் அப்படி ஒரு தொகை தர வேண்டும். அடுத்த தடைக்காலச் செய்தி போடும்போது உங்கள் நிருபரை ஒரு நாள் கழிமுகத்துக்கும் அனுப்புங்கள், ஏற்றத்தண்ணீர் நேரத்தில் படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பரங்கிப்பேட்டை