சாய்ந்த நிலையில் பூட்டிக்கொண்ட மின் சக்கர நாற்காலி குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நகல்: தலைவர், வடிவமைப்புப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் மின் சக்கர நாற்காலியில்தான் என் பகல்பொழுது முழுவதும் கழிகிறது. கழுத்தின் நான்காம் முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவடம் நசுங்கியதால் தோளுக்குக் கீழே எனக்கு அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வாயருகே இருக்கும் குழாய்தான் என் கை. பலமாக ஊதினால் நாற்காலி முன்னே செல்லும், பலமாக உறிஞ்சினால் பின்னே வரும்; மெல்ல ஊதினால் வலப்புறம், மெல்ல உறிஞ்சினால் இடப்புறம். உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே விளக்குவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் சேவைப் பிரிவிலிருந்து பேசியவர், “ஜாய்ஸ்டிக்கைக் கையால் நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி இயக்குங்கள்” என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நடந்தது இதுதான். எடையை மாற்றுவதற்காக இருக்கையை முழுவதுமாகப் பின்னே சாய்த்திருந்தேன். சிறிது நேரம் எதையும் இயக்காததால் நாற்காலி வழக்கம்போல் உறக்க நிலைக்குப் போனது. எழுப்ப முயன்றபோது திரையில் பிழைக் குறியீடு தோன்றியது. ஓட்டம் நின்றது, அதோடு சாய்வும் நின்றது. தொலைபேசியும் கணினியும் நாற்காலியின் வழியாகவே எனக்கு இயங்குவதால் அவையும் கைவிட்டுப் போயின. கூரையைப் பார்த்தபடி, யாராவது வரும்வரை கத்திக்கொண்டிருந்தேன். என் தம்பிதான் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துவந்து, இருவருமாக என்னைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள்.

பின்னர் வந்த உங்கள் தொழில்நுட்பர் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஊதுகுழாயில் எச்சில் ஈரம் தங்கியிருந்தது. இயக்கத் தொடங்கும்போது குழாயின் அழுத்தம் சுழியமாக இருக்கிறதா என்று கருவி சோதிக்கும். ஈரம் அடைத்ததால் யாரோ ஊதிக்கொண்டிருப்பதாக அது எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. நாற்காலி தானாக ஓடிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. அதில் எனக்கு மறுப்பு இல்லை, ஓட்டத்தைப் பூட்டுங்கள். ஓடாத நாற்காலியால் ஒருவர் வீட்டுக்குள் முடங்குவார், அவ்வளவுதான். சாய்வை ஏன் அதோடு சேர்த்துப் பூட்டினீர்கள் என்பதே என் கேள்வி.

உங்கள் விலைப்பட்டியலில் சாய்வு, ‘வசதி அம்சங்கள்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. அங்கேயே தவறு தொடங்குகிறது. எனக்குப் பிட்டத்தில் வலி தெரியாது. வலி தெரிந்தவர்கள் தூக்கத்தில்கூட புரண்டுகொள்கிறார்கள். எனக்காகப் புரள்வது இந்த இருக்கைதான். சற்றே சாய்ந்தால் பயனில்லை, 30 டிகிரியாவது சாய வேண்டும். அப்போதுதான் இடுப்பெலும்பின் அடியில் அழுந்தும் எடை முதுகுக்குப் போகும். அது தவறினால் தோலடியில் இரத்த ஓட்டம் நின்று படுக்கைப்புண் வரும். வெளியே சிவந்த வட்டமாகத் தெரிவது உள்ளே எலும்புவரை போயிருக்கக்கூடும், ஆற மாதக்கணக்காகும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, சிறுநீர்க் குழாய் மடங்கினாலோ எங்காவது தோல் அழுந்தினாலோ இரத்த அழுத்தம் திடீரென எகிறும். எங்களில் பலருக்கு மேல் அழுத்தம் வழக்கமாகவே 90 முதல் 110 வரைதான் இருக்கும். அதிலிருந்து 20 ஏறினாலே எச்சரிக்கையாக வேண்டும். 130 என்று கருவி காட்டுவதைப் பார்த்து, விவரம் அறியாதவர்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம். அப்போது செய்ய வேண்டிய முதல் உதவி, ஆளை நிமிர்த்தி உட்கார வைப்பது. உங்கள் நாற்காலி என்னைத் தலை தாழ்ந்த நிலையில் பூட்டி வைத்திருந்தது. அன்று எனக்கு அந்த அழுத்த ஏற்றம் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் வடிவமைப்பாளர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

குழாயில் ஈரம் தங்குவது அபூர்வமான கோளாறும் அல்ல. வாயில் வைக்கும் குழாயில் எச்சில் போகத்தான் செய்யும். குழாயைக் கழற்றி உலர்த்தி மாட்டுவதற்கு என் தம்பியே போதும். ஆனால் பிழைப் பதிவை அழித்துப் பூட்டை விடுவிக்கும் கருவியும் கடவுச்சொல்லும் உங்கள் தொழில்நுட்பரிடம் மட்டுமே இருக்கின்றன. அவர் வரும்வரை நாள்கணக்கில் கட்டிலிலேயே கிடந்தேன்; இரவிலும் வீட்டார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து என்னைப் புரட்டிப்போட்டார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், மின் சக்கர நாற்காலிகளைப் பழுதுபார்க்கத் தேவையான பாகங்களையும் மென்பொருளையும் கையேடுகளையும் தயாரிப்பாளர்கள் உரிமையாளர்களுக்குத் தர வேண்டும் என்று 2022-இல் சட்டமே இயற்றியது. 2023 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. செய்ய முடியாததை நான் கேட்கவில்லை.

உங்கள் தொலைபேசிச் சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணை அழுத்தினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வரிசை எண் இருக்கைக்கு அடியில் ஒட்டப்பட்டிருக்கிறது. புகார்ப் படிவத்தில் கையால் கையொப்பமிட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். கையை அசைக்க முடியாதவர்களுக்கென்றே ஒரு பொருளை விற்கும் நிறுவனம் இப்படிக் கேட்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

நான் கேட்பவை: ஓட்டத்தில் பிழை வந்தாலும் சாய்வு தனியாக இயங்குமாறு என் நாற்காலியின் மென்பொருளைத் திருத்தித் தர வேண்டும். உடனிருப்பவர் இருக்கையை நிமிர்த்துவதற்கான பொத்தானை இப்போது கூடுதல் கட்டணத்துக்கு விற்கிறீர்கள். அதைக் கட்டணமின்றிப் பொருத்த வேண்டும், இனி விற்கும் ஒவ்வொரு நாற்காலியிலும் அது இருக்க வேண்டும். குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டியும் மாற்றுக் குழாய்களும் நாற்காலியோடு சேர்ந்தே வர வேண்டும். இந்தப் பிழையை வீட்டிலேயே விடுவிக்கும் வழியை எழுத்தில் தர வேண்டும். என் நாற்காலி மறுபடி பழுதானால், சாய்வுள்ள மாற்று நாற்காலி ஒன்றை அன்றே அனுப்ப வேண்டும். தள்ளுநாற்காலி எனக்கு உதவாது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐ.நா. 2006-இல் ஏற்ற உடன்படிக்கையின் 20-வது பிரிவு, நடமாட்டக் கருவிகளைத் தயாரிப்போர் அவர்களுடைய நடமாட்டத்தின் எல்லா அம்சங்களையும் கருத்தில் கொள்ளுமாறு அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. அரசு சொல்லும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் கடிதத்தைக் குரல்வழித் தட்டச்சில் சொல்லி எழுதியிருக்கிறேன், கையொப்பம் இல்லை. பதிலை மின்னஞ்சலில் எழுத்துகளாகவே அனுப்புங்கள். தொழில்நுட்பரை அனுப்புவதாக இருந்தால், என்னை நாற்காலியிலிருந்து இறக்க ஆள் தேவை என்பதால் நேரத்தை முன்கூட்டியே தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்