ஊசிய நிறுத்துனதுக்கு அப்புறம் நடக்கறதையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன வாரம் உங்க பேப்பர்ல ஜிம் பசங்க ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கறத பத்தி அரைப்பக்கம் வந்திருந்துச்சு, படிச்சேன். கிட்னி போகும், லிவர் கெடும், இதயம் வீங்கும்னு சரியாத்தான் போட்டிருந்தீங்க. ஆனா தப்பா நெனச்சுக்காதீங்க, அத படிச்சுட்டு ஒரு பையனும் ஊசிய கீழ வைக்க மாட்டான், இருபத்தி நாலு வயசுல கிட்னினு ஒண்ணு இருக்கறதே யாருக்குங்க ஞாபகம் வரும். நான் ஊசிய கீழ வெச்சவன். வெச்சதுக்கு அப்புறம் என்ன ஆச்சுங்கறத யாரும் எழுத மாட்டேங்கறாங்க, நல்லா எழுத வராட்டியும் பரவால்லனு நானே ஒக்காந்து டைப் பண்றேன், நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க.

எனக்கு இப்ப 33 வயசு. பெருந்துறை பக்கம் ஒரு தறிப்பட்டறைல கணக்கு பாக்கறேன். 2021ல ஜில்லா ஆணழகன் போட்டில நிக்கணும்னு ஆச, ஜிம் மாஸ்டர்கிட்ட கேட்டப்ப "தம்பி, முட்டையும் கோழியும் தின்னு இதுக்கு மேல வராது, ஒரு சைக்கிள் போட்டா போதும்"னாரு. சைக்கிள்னா வேற ஒண்ணுமில்லீங்க, 12 வாரம் ஊசி, அப்புறம் கொஞ்ச நாள் லீவு, மறுபடியும் ஊசி. வாரத்துக்கு ரெண்டு டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆம்பள ஹார்மோன் ஊசி, ஒவ்வொண்ணும் 250 மில்லிகிராம், கூடவே டெக்கான்னு சொல்ற நான்ட்ரோலோன், அதுவும் ஒரு ஸ்டீராய்டு ஊசி தான். பில்லும் கெடையாது சீட்டும் கெடையாது, மாஸ்டர் பேக்ல இருந்தே வரும். சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாத மருந்துங்க இது. போட்டில நாலாவது வந்தேன். நாலாவது எடத்துக்கு கப்பு இல்ல, ஒரு துண்டு போத்தி அனுப்பிட்டாங்க.

2022 தைல கல்யாணம். கொழந்த குட்டின்னு ஆகப்போகுது இனி இதெல்லாம் வேண்டாம்னு அந்த வருச கடைசில நானாவே நிறுத்திட்டேன். நிறுத்தி முதல் ரெண்டு மூணு வாரம் ஒண்ணுமே தெரியல, எண்ணெயில கலந்த மருந்து பாருங்க, தசைக்குள்ள இருந்து கொஞ்சம் கொஞ்சமா எறங்கிட்டே இருக்கும். அதுக்கப்புறம் ஒரு நாள் காலைல எந்திரிக்கவே முடியல. காய்ச்சல் இல்ல, தலவலி இல்ல, சும்மா முடியல. பட்டறைல பத்து வருசமா போடற கணக்கு தப்பாச்சு, டிவில நகைக்கட விளம்பரத்துல அப்பன் பொண்ண கட்டிக்கொடுக்கறத பாத்து அழுதேன், பொண்டாட்டி பக்கத்துல படுத்திருந்தா சொவத்த பாத்து திரும்பிக்குவேன். நெஞ்சுல காம்புக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி, பஸ்ல எவனாவது முழங்கைல இடிச்சா உசுரு போகும். ரெண்டு மாசத்துல உடம்பு பாதியா எளச்சுருச்சு, அத பாத்துட்டு ஜிம்ல ஒருத்தன் "சரக்கு தீந்துருச்சா மாப்ள"னு கேட்டான்.

இங்க தாங்க ரெண்டாவது குழி இருக்கு. இத பத்தித்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன்.

கோயமுத்தூர்ல ஒரு கிளினிக், விளம்பரம் ஃபோன்லயே வந்துச்சு, "ஆண்மை, எனர்ஜி, மறுபடி நீங்க நீங்களா"ங்கற மாதிரி. போனேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ரத்தம் எடுத்தாங்க. டெஸ்டோஸ்டிரோன் 140னு வந்துச்சு. உங்களுக்கு இது சுரக்கவே இல்ல, ஆயுசுக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கணும், டிஆர்டினு பேரு, அமெரிக்கால எல்லாரும் பண்றாங்கன்னாங்க. இந்த டெஸ்ட காலைல வெறும் வயித்துல பத்து மணிக்குள்ள எடுக்கணும், ஒரு தடவ கொறஞ்சா போதாது இன்னொரு நாளும் எடுத்து பாக்கணும்னு பின்னாடி தான் தெரிஞ்சுது. அத விடுங்க, இதுக்கு முன்னாடி ஊசி போட்டிருக்கியானு அவங்க ஒரு வார்த்த கேக்கல, நானும் சொல்லல. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. பத்தே நாள்ல நான் பழைய ஆளாயிட்டேன், அதுலதான் ஏமாந்தேன். ஒரு வருசத்துக்கு மேல போட்டேன்.

அந்த ஒரு வருசமும் வீட்ல என்ன நடந்துச்சு தெரியுங்களா. "விசேஷம் ஏதும் உண்டா"னு பாக்கறவங்க எல்லாம் கேக்க, எங்கம்மா என் பொண்டாட்டிய கூட்டிட்டு ஏறாத ஆஸ்பத்திரி இல்ல. ஸ்கேன், தைராய்டு, குழாய் அடைப்பு டெஸ்ட், முட்ட வளர க்ளோமிஃபீன் மாத்திர, அது போக திருக்கருகாவூர் நெய். ரெண்டு தடவ எனக்கும் டெஸ்ட் எழுதி குடுத்தாங்க, "அவனுக்கென்ன, ஆள பாத்தா தெரியல"னு அம்மா சீட்ட மடிச்சு பீரோல வெச்சுட்டாங்க. நானும் பேசாம இருந்தேன், ஏன்னா எனக்கும் அதே நெனப்பு தான், இத்தன ஆம்பள ஹார்மோன் உள்ள போகுது எனக்கு எப்படி கொற இருக்கும்.

2024 மார்ச்ல அவளே பிடிவாதமா ஆம்பளைங்களுக்கான கொழந்தயின்ம பிரச்சினைய பாக்கற ஒரு ஆண்ட்ராலஜி டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனா. விந்தணு டெஸ்ட், சில நூறு ரூவா சமாச்சாரம். ரிசல்ட் ஜீரோ. கம்மி இல்லீங்க, ஒண்ணு கூட இல்ல. டாக்டர் என் கைய, தோள பாத்தாரு, ரிப்போர்ட்ட பாத்தாரு, "ஜிம்மா?"ன்னாரு. அப்புறம் உள்ள கூட்டிட்டு போயி பாசிமணி மால மாதிரி ஒண்ண எடுத்தாரு, சின்ன மணில இருந்து பெரிய மணி வரைக்கும் கோத்தது, ஒவ்வொண்ணுலயும் நம்பர் இருக்கு, அத வெச்சு விதையோட அளவ பாப்பாங்களாமா. வளந்த ஆளுக்கு 15ல இருந்து 25 வரைக்கும் இருக்கும்னு சொல்லிட்டு என் பக்கத்துல 8ம் நம்பர் மணிய புடிச்சாரு.

அவர் சொன்னத எனக்கு புரிஞ்ச மாதிரி சொல்றேன். நம்ம வீட்டு மொட்டமாடி டேங்குக்கு ஆட்டோமேட்டிக் போட்டிருப்போம்ல, தண்ணி கொறஞ்சா மோட்டார் ஓடும், நெறஞ்சா நின்னுக்கும். மூளைல இருக்கற பிட்யூட்டரி சுரப்பி அப்படித்தான் ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவுனு பாத்து எல்ஹெச், எஃப்எஸ்ஹெச்னு ரெண்டு ஹார்மோன அனுப்பி விதைய ஓட்டுது. நீ வெளிய இருந்து லாரித்தண்ணி கொட்டுனா டேங்கு ஃபுல், மோட்டாருக்கு வேலையே இல்ல. எனக்கு ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன் 900க்கு மேல, எல்ஹெச் 0.1. விந்தணு வளர்றதுக்கு விதைக்குள்ள ரத்தத்துல இருக்கறத விட பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேணும், அத விதை தானே ஊறவெச்சாத்தான் உண்டு, ஊசில போட்டா அங்க போய் சேராது. ஜிம்ல போட்ட ஊசிக்கும் கிளினிக்ல போட்ட ஊசிக்கும் இந்த விசயத்துல ஒரு வித்தியாசமும் இல்ல. ஒண்ணுக்கு பில் இருக்கு, அவ்வளவுதான்.

இன்னொண்ணு சொன்னாரு, அத கேட்டு எனக்கு சிரிப்பு வந்துச்சா அழுக வந்துச்சானு தெரியல. உலக சுகாதார நிறுவனம் இந்த டெஸ்டோஸ்டிரோன் ஊசிய ஆம்பளைங்களுக்கான கருத்தடையா டெஸ்ட் பண்ணிருக்குங்க. 1990ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல வந்திருக்கு. ஏழு நாட்டுல 271 பேருக்கு வாரம் 200 மில்லிகிராம் போட்டு பாத்ததுல 157 பேருக்கு ஆறு மாசத்துக்குள்ள விந்தணு சுத்தமா நின்னுருச்சு. நான் ஜிம்ல போட்டது வாரம் 500, அதாவது ரெண்டர மடங்கு. ஒரு பக்கம் கருத்தடை ஊசி, இன்னொரு பக்கம் புள்ள வரம் கேட்டு நெய்.

ஊசிய நிறுத்துனா திரும்புமானு கேட்டேன். பெரும்பாலும் திரும்பும், ஆனா காலண்டர பாக்காதேன்னாரு. அந்த மாதிரி கருத்தடை ஆராய்ச்சிகள்ல கலந்துக்கிட்டவங்க கணக்க எல்லாம் சேத்து 2006ல போட்டிருக்காங்க, 100க்கு 67 பேருக்கு ஆறு மாசத்துல, 90 பேருக்கு ஒரு வருசத்துல கவுண்ட் திரும்பிருக்கு, மத்தவங்களுக்கு ரெண்டு வருசம் வரைக்கும் ஆயிருக்கு. ஆனா அவங்க டாக்டர் கண்ணு முன்னாடி ஒரே மருந்த அளவா போட்டவங்க, என்ன மாதிரி ரெண்டு மருந்த கலந்து கட்டி அடிச்சவங்க கணக்கு அதுல இல்ல. நான்ட்ரோலோனோட மிச்சம் கடைசி ஊசி போட்டு ஒன்றர வருசம் வரைக்கும் கூட மூத்திர டெஸ்ட்ல தெரியும்னா பாத்துக்கோங்க. ஜிம்ல "நாலு வாரம் பிசிடி மாத்திர போடு, எல்லாம் செட் ஆயிரும்"பாங்க, பிசிடின்னா சைக்கிள் முடிஞ்சதும் சுரப்ப திரும்ப ஓட வைக்கறதுக்கு போடற மாத்திர, ஊசி மருந்து ரத்தத்துல இன்னும் ஓடிட்டு இருக்கறப்பவே மாத்திரய போட்டு முடிச்சு என்ன பிரயோஜனம். ஒரு விந்தணு உருவாகவே 70 நாளுக்கு மேல ஆகும்.

எனக்கு ஹெச்சிஜி ஊசி எழுதுனாரு, மாசமா இருக்கற பொம்பளைங்க மூத்திரத்துல இருந்து எடுக்கற ஹார்மோன், அது விதைய நேரா தட்டி எழுப்பும். வாரம் மூணு தடவ வயித்துல நானே குத்திக்கணும், ஃப்ரிட்ஜ்ல இட்லி மாவு டப்பாவுக்கு பின்னாடி தான் வெச்சிருந்தோம். கூடவே க்ளோமிஃபீன், பிட்யூட்டரிய உசுப்பி விடறதுக்கு. அந்த அட்டைய பாத்ததும் என் பொண்டாட்டி எந்திரிச்சு போயி பீரோல இருந்து அவ பழைய அட்டைய எடுத்துட்டு வந்து என்னுது பக்கத்துல வெச்சா. ஒண்ணும் சொல்லல. அதே மாத்திர.

முதல் மூணு நாலு மாசம் நரகங்க. டிஆர்டிய நிறுத்துன உடனே பழைய சோர்வு டபுளா வந்துச்சு, ஒரு ஊசி போட்டா நாளைக்கே சரியாயிரும்னு மனசு சொல்லிக்கிட்டே இருக்கும், நெறைய பேரு இந்த எடத்துல தான் திரும்ப ஊசிக்கு போறாங்கன்னு டாக்டர் சொன்னாரு. அந்த நேரத்துல செத்துரலாமானு தோணுனா வீட்ல யாராவது ஒருத்தர்கிட்டயாச்சும் வாய தெறந்து சொல்லிரணும், நான் என் மச்சான்கிட்ட சொன்னேன், அவன் ஒரு மாசம் எங்க வீட்லயே படுத்துக்கிட்டான். 2024 ஜூன்ல கவுண்ட் ஜீரோ. செப்டம்பர்ல ஒரு மில்லிக்கு 0.8 மில்லியன். இந்த வருசம் ஜனவரில 6. போன மாசம் 13. நார்மல்னு சொல்ல 16 வேணுமாம். நெஞ்சுல கட்டி மட்டும் கரையல, ஆபரேசன் தான்னுட்டாங்க.

டிஆர்டியே தப்புன்னு நான் சொல்ல வரலீங்க. பிறவிலயே விதை வளராதவங்க, பிட்யூட்டரில கட்டி வந்து ஆபரேசன் பண்ணுனவங்க, விபத்துலயோ கேன்சர்லயோ விதைய இழந்தவங்க, இவங்களுக்கெல்லாம் அது வாழ்க்கையே குடுக்கற மருந்து. 2023ல வந்த டிராவர்ஸ்ங்கற பெரிய ஆராய்ச்சில, 45 வயசுக்கு மேல 5,000த்துக்கும் அதிகமான பேர வெச்சு பாத்ததுல ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் கூடலன்னு வந்திருக்கு, அதையும் சொல்லிரணும். ஆனா அதே ஆராய்ச்சில இதயத்துடிப்பு தாறுமாறா போறதும் நுரையீரல்ல ரத்தம் கட்டறதும் டெஸ்டோஸ்டிரோன் எடுக்காதவங்கள விட கூடுதலா இருந்துச்சு, எலும்பு முறிவு கூட கொறையல, ஏறிருக்கு. கிளினிக் விளம்பரத்துல இதுல முதல் பாதி மட்டும் இருக்கும். வயசாகறதால கொறையறதுக்கெல்லாம் இத அனுமதிக்கலன்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறையே 2015ல லேபிள்ல போட சொல்லிருச்சு, நம்மகிட்ட என்னடான்னா "அமெரிக்கால எல்லாரும் பண்றாங்க".

என் ரத்தமே கெட்டியாகி போயிருந்துச்சு. ஹீமோகுளோபின் 18.6, ஹெமட்டோக்ரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணு எத்தன சதவீதம்ங்கறது, 56, அது 54 தாண்டுனாவே ஊசிய நிறுத்தணும். மூஞ்சி செவசெவன்னு இருந்தத பாத்து சொந்தக்காரங்க எல்லாம் கல்யாணம் ஆனதும் கலர் ஏறிருச்சுன்னு சொல்லிட்டு இருந்தாங்க. கிளினிக்ல ரத்தம் பாக்கவே இல்லீங்களானு கேப்பீங்க, ஒரு தடவ பாத்தாங்க, ரத்ததானம் பண்ணிருங்க சரியாயிரும்னாங்க.

அதனால உங்ககிட்ட கேக்கறது இதுதான். அடுத்த தடவ இத பத்தி போடறப்ப கிட்னி படத்தோட நிறுத்தாம, கல்யாணம் ஆகாத பையனுக்கு இந்த ஊசி எதுக்கு சமம்னு பெரிய எழுத்துல போடுங்க. ஏற்கனவே போட்டுட்டு இருக்கறவன் ஒளிஞ்சு ஒளிஞ்சு நிறுத்தாம ஹார்மோன் டாக்டர்கிட்ட உண்மைய சொல்லிட்டு நிறுத்தணும்னு போடுங்க, பயமுறுத்தி மட்டும் எழுதுனா அவன் திரும்ப மாஸ்டர்கிட்டயே தான் போவான். ஆயுசுக்கும் ஊசின்னு எவன் சொன்னாலும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி புள்ள வேணுமா வேண்டாமானு அவன் கேட்டானான்னு பாக்க சொல்லுங்க. அப்புறம் கொழந்த இல்லன்னு போற ஜோடில முதல் டெஸ்ட் ஆம்பளைக்கு எடுக்க சொல்லி போடுங்க, ஒரு டப்பால புடிச்சு குடுக்கற டெஸ்ட், ஊசி கூட குத்த மாட்டாங்க.

எங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரிப்போர்ட்டயும் காட்டுனேன். நம்பல. அந்த புள்ள சொல்லிக்குடுத்து பேசறான்னு பெரியம்மாகிட்ட ஃபோன்ல சொல்லிட்டு இருந்தாங்க. எங்கம்மாவுக்கு டாக்டர் சீட்ட விட உங்க பேப்பர் மேல தான் நம்பிக்க, அதுல வந்தா நெசம். பேர் முழுசா போட்டாலும் பரவால்லீங்க, ஊரோட போடுங்க. ஞாயித்துக்கெழம பேப்பர்ல வந்தா நல்லது, அன்னிக்குத்தான் அவங்க ஒரு வரி விடாம படிப்பாங்க.

இப்படிக்கு,
கே. எஸ்.,
பெருந்துறை