விலகாமலும் கைவிட முடியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நேட்டோ இராணுவக் கூட்டணியிலிருந்து அமெரிக்க அதிபர் தன் விருப்பப்படி விலகிவிட முடியாது என்பதால் ஐரோப்பிய நாடுகள் அஞ்ச வேண்டியதில்லை என்று தங்கள் தலையங்கம் கூறியிருந்தது. செனட்டில் மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதலோ நாடாளுமன்றம் இயற்றும் தனிச் சட்டமோ இல்லாமல் விலகக் கூடாது என்று 2023 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது உண்மைதான். ஆனால், அச்சட்டம் வெளியேறுவதைத்தான் தடுக்கிறது. நெருக்கடி நேரத்தில் படை அனுப்பும்படி எந்த அதிபரையும் அது கட்டாயப்படுத்தாது.

நேட்டோவை உருவாக்கிய 1949 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தாலே இது விளங்கும். ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் எல்லோர் மீதும் நடந்த தாக்குதலாகக் கருதப்படும் என்று உறுதியாகத் தொடங்கும் அந்தப் பிரிவு, அடுத்து என்ன செய்வது என்பதை, ஆயுதப் படையைப் பயன்படுத்துவது உட்பட, அந்தந்த நாடு தேவையெனக் கருதும் நடவடிக்கைக்கே விட்டுவிடுகிறது. போரில் இறங்கும் முடிவை ஓர் ஒப்பந்தத்துக்கு விட்டுக்கொடுக்க அன்றைய செனட்டர்கள் தயாராக இல்லை. பாதுகாப்புக்குப் போதிய பணம் செலவிடாத உறுப்பு நாடுகளை ரஷ்யா என்ன செய்தாலும் தமக்குக் கவலையில்லை என்ற பொருளில் 2024 பிப்ரவரியில் டிரம்ப் தேர்தல் மேடையில் பேசியபோது, ஒப்பந்தத்தில் ஒரு சொல்கூட மாறியிருக்கவில்லை. மேடை உள்ளூர் வாக்காளருக்கானது என்றாலும் மாஸ்கோவுக்கும் அது கேட்கத்தானே செய்யும்.

தென் கொரியாவின் அனுபவம் இன்னும் தெளிவானது. அமெரிக்காவுடன் 1953இல் கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தம் அப்படியே இருக்க, 1971இல் நிக்சன் அரசு அமெரிக்காவின் 7ஆவது காலாட்படை டிவிஷனை அங்கிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. காகிதத்தை நம்பி உட்கார்ந்திருக்க விரும்பாத அதிபர் பார்க் சுங் ஹீ, இரகசியமாக அணு ஆயுதத் திட்டத்தில் இறங்கினார். வாஷிங்டன் கடுமையாக நெருக்கிய பிறகே அதைக் கைவிட்டார். தைவானுக்கு அந்தக் காகிதமும் நிலைக்கவில்லை. அமெரிக்கா அதனுடன் செய்திருந்த 1954 பாதுகாப்பு ஒப்பந்தத்தை ஓராண்டு முன்னறிவிப்புடன் அதிபர் கார்ட்டர் முடித்துவைத்தார்.

ஐரோப்பியத் தலைவர்கள் இதை உணராதவர்கள் அல்லர். 2035க்குள் பாதுகாப்புச் செலவை உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 5 சதவீதமாக உயர்த்த 2025 ஜூனில் நேட்டோவின் ஹேக் மாநாட்டில் ஒப்புக்கொண்டதற்கு டிரம்பின் நெருக்குதல் ஒரு காரணம் என்றால், அமெரிக்கா வராமல் போகலாம் என்ற ஐயம் இன்னொன்று. ஜெர்மனி, லிதுவேனியாவில் ஒரு முழுப் படைப்பிரிவை நிரந்தரமாக நிறுத்த முன்வந்திருப்பதும் அந்த ஐயத்தால்தான் என்பது என் கருத்து. அமெரிக்கச் சட்டம் தரும் பாதுகாப்பைப் பேசிய தலையங்கம், இந்த ஏற்பாடுகளையும் எடைபோட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்