டைமிங் செயின் செட்டும் மறுக்கப்பட்ட உத்தரவாதமும்: ஒரு முறைப்பாடு

உப்புவெளி,
திருகோணமலை.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா/அம்மணி,

விடயம்: பழுதான டென்ஷனருக்கு உத்தரவாதம் மறுக்கப்பட்டமை

உங்கள் இணையக் கடையில் நிசான் நவரா டி40 கெப் வண்டிக்கான இரட்டை வரிசை டைமிங் செயின் செட் ஒன்றை வாங்கினேன். எஞ்சினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் ஒத்துச் சுழல வைப்பது இந்தச் செயின்தான். செட்டில் வந்த டென்ஷனர், அதாவது செயினைத் தொய்யாமல் இறுக்கிப் பிடிக்கும் பாகம், வேலை செய்யவில்லை. மாற்றித் தாருங்கள் என்று கேட்டதற்கு, "அங்கீகரிக்கப்பட்ட கராஜில் பூட்டாமல் வீட்டில் பூட்டியிருக்கிறீர்கள், ஆகவே உத்தரவாதம் செல்லாது" என்று உங்கள் பிரிவிலிருந்து வட்ஸ்அப்பில் பதில் வந்தது. இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

அந்தக் கெப் எங்கள் வீட்டுச் சோறு. கொட்பே துறையில் மீன் ஏற்றி, ஐஸ் போட்டு, கந்தளாய், ஹபரணை வழியாகத் தம்புள்ளைப் பக்கம் கொண்டுபோகிறோம். 2020 இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவதைத் தவிர எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2025 இல் இறக்குமதி திரும்பத் தொடங்கியபோதும் புது வண்டியின் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. அதனால்தான் இந்த எஞ்சினுக்கு நல்ல சாமான் போட வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் கெப்பில் இருக்கிற வைடி25 டீசல் எஞ்சினில் டைமிங்குக்கு இரண்டு செயின்கள். பழைய மாடல்களில் உள்ள ஒற்றை வரிசைச் செயின் காலப்போக்கில் நீண்டுவிடுகிறது என்பது இந்த வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. டீசல் எஞ்சின் ஒயிலில் சேரும் கரி, கண்ணிகளுக்குள் இருக்கிற ஊசியையும் புஷ்ஷையும் அரிக்கிறது. ஒவ்வொரு கண்ணியிலும் துளித் தேய்மானம், எல்லாம் சேர்ந்தால் செயின் தொங்கிப்போகும். அதற்காகத்தான் பலரும் கண்ணிகள் பக்கத்தில் பக்கமாக இரண்டு வரிசையாக இருக்கிற இரட்டை வரிசைச் செயினுக்கு மாறுகிறார்கள். நானும் அப்படித்தான் மாறினேன்.

பூட்டியது நானும் என் மச்சானும். அவர் துறைமுகத்தில் பல வருடம் கனரக இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்து வண்டிகளுக்கு எஞ்சின் வேலை என்றால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். ரேடியேட்டரை இறக்கி, கிராங்க் புல்லியைக் கழற்றி (இங்கத்தைய உப்புக்காற்றில் அந்த போல்ட் இறுகியிருந்த இறுக்கம் கொழும்பில் இருப்பவர்களுக்குத் தெரியாது), முன்மூடியைத் திறந்து, இரண்டு பக்கமும் பழைய சிலிக்கனைச் சுரண்டித் துடைத்து, ஒழுங்காகவே செய்தோம். போல்ட்டுகளைச் சரியான அளவில் இறுக்குகிற டோர்க் ரென்ச் எங்களிடம் இருக்கிறது. சேவைக் கையேடும் இருக்கிறது.

இனி உங்கள் பெட்டிக்கு வருகிறேன். விளம்பரப் படத்தில் இருந்த கிராங்க் ஒயில் சீல் பெட்டியில் இல்லை. அதை இங்கேயே வாங்கிக்கொண்டோம், அது சின்ன விடயம். செயினில் நிறக் கண்ணிகள் இல்லாததுதான் பெரிய அதிர்ச்சி. எந்தக் கண்ணி எந்தப் பற்சக்கரத்துக் குறியில் உட்கார வேண்டும் என்பதைக் காட்டுவதே அந்த நிறம்தான். உங்கள் செயினில் எல்லாக் கண்ணியும் ஒரே கறுப்பு. பழைய செயினையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கமாகப் போட்டு, கண்ணிகளை எண்ணி, பெயின்ற் அடித்து நாங்களே குறி வைத்தோம். பூட்டிய பிறகு கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தோம். கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று, ஆகவே பற்சக்கரக் குறிகள் எல்லாம் திரும்பத் தம் இடத்துக்கு வர வேண்டும். வந்தன. இதை எழுதக் காரணம் இருக்கிறது. வேலை பிழையாக நடந்திருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும்.

அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினோம். முதல் நாள் பரவாயில்லை. மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்து கிடந்த நேரத்தில், முன்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். ஒயில் அழுத்தம் ஏறியதும் நின்றுவிட்டது. அடுத்த காலையும் அதே சத்தம், முன்னதைவிடக் கூடுதல் நேரம். மச்சான் உடனே சாவியைப் பிடுங்கிவிட்டார்.

திரும்பவும் எல்லாவற்றையும் இறக்கி டென்ஷனரைக் கழற்றினோம். அதன் தண்டு செயினைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது ஒயில் அழுத்தம் இருக்காது, அப்போது தண்டு பின்னால் போகாமல் உள்ளே இருக்கிற பல்லும் கொக்கியும்தான் தடுக்க வேண்டும். உங்கள் டென்ஷனரை வைஸில் பிடித்துக்கொண்டு பெருவிரலால் அழுத்தினால் தண்டு தடையில்லாமல் உள்ளே போகிறது. பல வருடம் ஓடிய பழைய டென்ஷனர் இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து எடுத்த வீடியோவை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்ததாக உங்கள் பதிலில் ஒரு சொல்லும் இல்லை.

என் கேள்வி இதுதான். எஞ்சினுக்கு வெளியே, மேசையில் வைத்தே பிடிக்காத ஒரு கொக்கிக்கும், அதை யார், எங்கே பூட்டினார்கள் என்பதற்கும் என்ன தொடர்பு? அங்கீகரிக்கப்பட்ட கராஜில் பூட்டியிருந்தாலும் இதே கொக்கி இப்படித்தான் வழுக்கியிருக்கும்.

நீங்கள் சொல்கிற நிபந்தனை நான் வாங்கிய பக்கத்தில் இல்லை, பற்றுச்சீட்டிலும் இல்லை. நான் முறைப்பட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. மாறாக, "தேவையான அனைத்தும் உள்ள முழு செட், நீங்களே பூட்டலாம்" என்று உங்கள் விளம்பரம் சொன்னது. பெட்டிக்குள் படம் போட்ட பூட்டும் முறைத் தாள் ஒன்றும் இருந்தது. வாங்குகிறவர் வீட்டில் பூட்டுவார் என்று தெரிந்தேதான் விற்றிருக்கிறீர்கள். விற்கும்போது ஒரு பேச்சு, பழுது வந்ததும் இன்னொரு பேச்சா?

நியாயமாகச் சொல்ல வேண்டும்: செயினிலும் பற்சக்கரங்களிலும் குறை தெரியவில்லை, செயின் உரசி ஓடுகிற கைடுகளும் சரியாகப் பொருந்தின. ஆனால் டென்ஷனர் பிடிக்காமல் தொய்ந்த செயின் பற்சக்கரத்தில் பல் தாண்டி ஓடினால் பெரிய சேதம் வரலாம். பிஸ்டன் வால்வில் மோதினால் வால்வு வளையும், தலைப்பகுதி முழுவதையும் இறக்க வேண்டிவரும். நாங்கள் சத்தத்தைக் கேட்டு நிறுத்தினோம். கவனிக்காத ஒருவருக்கு அது கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில், யானை கடக்கிற காட்டுப் பாதையில், இரவில் நடந்தால் என்ன செய்வார்? இதே தொகுதியில் வந்த மற்ற டென்ஷனர்களை நீங்கள் சோதித்துப் பார்த்தீர்களா? எனக்கு வர வேண்டிய பணத்தைவிட இந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது.

பஞ்சிகாவத்தையில் வேறொரு கடையில் டென்ஷனர் வாங்கிப் பூட்டினோம். அதன் பிறகு குளிர்ந்த எஞ்சினிலும் சத்தம் இல்லை. ஆனால் மீன் அதிகம் படுகிற சோளகக் காலத்தில் வண்டி நின்றது. வாடகை லொறிக்குக் கொடுத்த பணம் தனி.

நான் கேட்பவை இவை. டென்ஷனரின் விலை, இல்லாத ஒயில் சீலின் விலை, இரண்டாம் தடவை திறந்ததால் வீணான எஞ்சின் ஒயில், கூலன்ட், சிலிக்கன் செலவு ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும். பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். வாடகை லொறிச் செலவை நான் கேட்கவில்லை. இந்த செட்டை வாங்கிய மற்றவர்களுக்கு டென்ஷனரைச் சோதிக்கும்படி அறிவிக்க வேண்டும். நிறக் கண்ணி இல்லாத செயின்களை விற்பதை நிறுத்த வேண்டும். வீட்டில் பூட்டினால் உத்தரவாதம் இல்லை என்பதுதான் உங்கள் கொள்கை என்றால், அதைத் தமிழிலும் சிங்களத்திலும் விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். வாங்குகிறவர் பார்த்து முடிவெடுக்கட்டும்.

பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்கிய 3 மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பட வேண்டும். எனக்கு இன்னும் அந்தக் காலம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் உங்களிடமிருந்து ஒழுங்கான பதில் வராவிட்டால் இந்தக் கடிதமும் வீடியோவும் அதிகார சபைக்குப் போகும்.

பழுதான டென்ஷனரும் பெட்டியும் பூட்டும் முறைத் தாளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் தொழில்நுட்ப ஆள் யாராவது திருகோணமலைக்கு வந்தால் நேரில் காட்டுகிறேன். கூரியர் செலவை நீங்கள் ஏற்றால் டென்ஷனரை அனுப்பியும் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்