உன் மகளோட லீவு நோட்டு

மாப்ள,

கடுதாசி போட்டு ரொம்ப நாளாச்சு, கோவிச்சுக்காத. இங்க எல்லாரும் சுகம். ஆச்சிக்கு முட்டுவலி தேவலையா?

உன் மக லீவு டைரி மூணாம் பக்கத்தோட நின்னு போச்சாம், நீ சத்தம் போட்டியாம். நெட்டையன் சொன்னான். ஏலே, நாலாம் வகுப்பு முடிச்ச பிள்ளைக்குத் தேதி அச்சடிச்ச ஆபீஸ் டைரியை யாராவது குடுப்பாங்களா? ஒரு நாள் விட்டா அந்தப் பக்கம் காலியாக் கிடந்து முறைக்கும். ரெண்டு நாள் விட்டா பிள்ளை திறக்கவே யோசிக்கும். அதைக் கடைக் கணக்குக்கு வச்சுக்கோ.

நோட்டை வீட்டுலயே தையி. கோடு போடாத ஏ4 தாள் 12 எடுத்து நடுவுல மடிச்சா 48 பக்கம். அதுக்கு மேல அடுக்கினா உள்தாள் ஓரம் துருத்திக்கிட்டு நிக்கும். மேலட்டைக்குப் பழைய மாசக் காலண்டர் தாள் போதும். மடிப்புல மூணு ஓட்டை: நடுவுல ஒண்ணு, மேல் ஓரம் கீழ் ஓரத்துலருந்து 3 செ.மீ. தள்ளி ஒவ்வொண்ணு. நூல் 60 செ.மீ.; மெழுகுதிரியில ரெண்டு இழுப்பு இழுத்துக்கோ, சிக்கு விழாது. கோணி ஊசியால உள்ளருந்து நடு ஓட்டை வழியா வெளிய, மேல் ஓட்டை வழியா உள்ள, நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டை வழியா வெளிய, திரும்ப நடு வழியா உள்ள. உள்ள ஓடுற நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு நுனி, அந்தப் பக்கம் ஒரு நுனி வரணும், அப்புறம் முடிச்சு. ரெண்டும் ஒரே பக்கம் வந்தா தையல் தொளதொளன்னு ஆயிரும். ஓட்டையை நீ போடு, தைக்கிறது அவ வேலை.

வாட்டர் கலர் வேண்டாம், இந்தத் தாள் சுருங்கிப் பின்பக்கம் ஊறும். கிரேயான், பென்சில் போதும். சோத்துப் பசையில எதையும் ஒட்ட விடாத, கரப்பான் அரிச்சிரும்.

"இன்னைக்கு என்ன செஞ்ச, எழுது"ன்னு மட்டும் சொல்லிராத. எழுந்தேன், பல் தேய்த்தேன், சாப்பிட்டேன்தான் வரும். ஆச்சிகிட்ட தேங்காப்பால் குழம்பு, அதான் நம்ம சொதி, எப்படி வைக்கன்னு கேட்டு எழுதச் சொல்லு. "ஒரு கை பாசிப்பருப்பு"ம்பாங்க ஆச்சி. யார் கை? ஆச்சி அள்ளினதை டம்ளர்ல கொட்டி, எதுவரைக்கும் நிக்குதுன்னு டம்ளரோட வரையட்டும். முதல்ல பிழிஞ்ச தலைப்பால் ஏன் கடைசியில? கொதிச்சா திரிஞ்சிரும். எலுமிச்சம்பழம் ஏன் இறக்கின பிறகு? ஆச்சியையே கேக்கட்டும். ரெண்டு "ஏன்" கேட்டாலே பக்கம் நிறைஞ்சிரும்.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது, நிழல். 30 செ.மீ. ஸ்கேலை முற்றத்துல நட்டு, மத்தியானம் 12.15-லருந்து 12.20-க்குள்ள நிழலை அளக்கணும். நம்ம திருநெல்வேலிக்கு ஏப்ரல் 12 வாக்குல சூரியன் நேர் உச்சிக்கு வந்துட்டுப் போயிருச்சு. இப்ப அது வடக்க நகருது, நிழல் தெக்க நீளுது. மே நடுவுல 5 செ.மீ. இருக்கும். வாரத்துக்கு ஒரு கோடு, பக்கத்துல தேதி. ஸ்கேல் சாஞ்சா கணக்கு கெடும், நூல்ல கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேர் பாக்கச் சொல்லு. உச்சி வெயில்ல அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்க வேண்டாம்.

மாப்ள, இனிச் சொல்றதை நிதானமாப் படி. அந்த நோட்டுல உன் சிவப்புப் பேனா படவே கூடாது. 'ற' வர்ற இடத்துல 'ர' போட்டா போடட்டும். திருத்தினா மறுநாள்லருந்து தெரிஞ்ச சொல்லை மட்டும்தான் எழுதுவா; கேக்க நினைச்சது, பயந்தது எல்லாம் எழுத்துக்கு வராமலே போயிரும். முனை மடிச்ச பக்கம் யாரும் பாக்கக் கூடாதுன்னு முதல் நாளே பேசிக்கோங்க. உன்மேல கோவப்பட்டு எழுதியிருப்பா, இருக்கட்டும். ஒருதடவை ஒளிஞ்சு படிச்சது தெரிஞ்சாலும் பிறகு உனக்குப் பிடிச்சதாப் பாத்துத்தான் எழுதுவா.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்ன பத்து நிமிஷம், அவ்வளவுதான். போனை வேற ரூம்ல வச்சுட்டு நீயும் பக்கத்துல உக்காந்து எதையாவது எழுது. விட்ட நாளை விட்டுரணும், சேத்துவச்சு எழுதச் சொல்லாத.

தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லு. வைகாசியில வாரேன். அப்ப "மாமாகிட்ட நோட்டைக் காட்டு"ன்னு பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தாத.

உன் மச்சான்